பிடிபட்டவர்களை விட்டுவிட்டு என்ன நினைவுத்தூண்? குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நினைவுத்தூண் அமைப்புக் குழுவின் தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளருக்கும், மற்ற உறுப்பினர்களுக்கும்,

தூணில் பொறிக்கப் போகிற பெயர்ப்பட்டியலை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டிருந்தீர்கள், பார்த்தேன். களத்தில் உயிர் நீத்தவர்கள் ஒரு பக்கம், ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) வீரர்கள் ஒரு பக்கம், வீரப்பதக்கம் பெற்றவர்கள் ஒரு பக்கம். நாலாவது பக்கம் நன்கொடையாளர்களுக்கு. பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இரண்டாம் உலகப்போரில் சரணடைந்து கைதிகளானவர்களின் பெயர்கள் சேர்க்கப்படவில்லை.' செயலாளருக்குப் போன் செய்து கேட்டேன், கமிட்டி முடிவு என்றார். கடிதம் எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது உறுப்பினர் ஒருவர் "கையைத் தூக்கினவனுக்கெல்லாம் கல்வெட்டா?" என்று கேட்டிருக்கிறார், நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் என் மருமகனும் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்குத் தெரியாது போல.

என் அப்பா அப்படிக் கையைத் தூக்கியவர்களில் ஒருவர். அதனால்தான் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

1940-ல் அயோத்தியாப்பட்டணம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். மழை பொய்த்து, காட்டை அடமானம் வைத்திருந்த நேரம், நாட்டுப்பற்றெல்லாம் காரணமில்லை, மூணு வேளை சோறும் மாசாமாசம் வீட்டுக்கு மணியார்டரும்தான் காரணம் என்று அவரே சொல்வார். சாப்பர் என்றால் என்ன வேலை என்று உங்களில் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படை முன்னேறும்போது பாலம் போடுவது, பின்வாங்கும்போது அதே பாலத்துக்கு வெடி வைப்பது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தபாருவில் ஜப்பான்காரன் இறங்கியதிலிருந்து மலாயாவில் நடந்ததெல்லாம் பின்வாங்கல்தான். ஜித்ரா, கம்பார், சிலிம் ரிவர் என்று ஒவ்வொரு ஊராக விட்டுவிட்டுத் தெற்கே வந்தார்கள். எல்லாப் படையும் ஆற்றைத் தாண்டிய பிறகு பாலத்தைத் தகர்த்துவிட்டுக் கடைசியாக வருகிறவர்கள் சாப்பர்கள். எதிரிக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்று அர்த்தம். ஒரு பாலத்தில், இன்னும் ஒரு லாரி பாக்கி இருக்கிறது என்று ஹவில்தார் நிறுத்தி வைத்திருக்க, எதிர்க்கரையில் சைக்கிளில் ஜப்பான்காரர்கள் வருவது கண்ணுக்குத் தெரிகிறது, லாரியைக் காணோம். "வெடியைப் போடறதா வேண்டாமான்னு அந்த அஞ்சு நிமிஷம் இருந்ததே கண்ணு, அதுக்கு மேல ஒண்ணுக்கும் பயப்படலை" என்பார். லாரி வந்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் சரணடைந்தது யார்? புக்கிட் திமாவில் இருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல். சாப்பர்களையும் சிப்பாய்களையும் யாரும் கேட்கவில்லை. சுமார் 80,000 பேர் அன்றைக்கு ஒரே உத்தரவில் கைதியானார்கள். துப்பாக்கியைக் கீழே போடு என்று மேலதிகாரி சொன்னால் போடுவதும் பட்டாள ஒழுங்குதான், போடாமல் தனியாகச் சுட்டுக்கொண்டிருந்தால் அதற்குக் கோர்ட் மார்ஷல். 'சரணடைந்தவர்' என்று அவரைச் சொல்கிறீர்களே, அவர் சரணடையவில்லை ஐயா, ஒப்படைக்கப்பட்டார்.

ஒப்படைப்பு நடந்தது பிப்ரவரி 17 அன்று, ஃபேரர் பார்க் மைதானத்தில். 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் திரண்டிருக்க, ஒரு பிரிட்டிஷ் அதிகாரி இனி நீங்கள் ஜப்பான்காரர்கள் சொல்படி நடங்கள் என்று சொல்லி நகர்ந்துவிட்டார். ஜப்பான் ராணுவத்தின் மேஜர் ஃபுஜிவாரா பேசினார், அப்புறம் நம்மவரான கேப்டன் மோகன் சிங் பேசினார், நம் நாட்டு விடுதலைக்காக நாமே ஒரு படை அமைப்போம் என்று. அதுதான் ஐ.என்.ஏ. பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். பல்லாயிரம் பேர் சேரவில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா ஏன் சேரவில்லை என்று சின்ன வயதில் நானே துளைத்துக் கேட்டிருக்கிறேன். நேதாஜி படம் மாட்டாத வீடு இல்லாத காலம் அது, எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: "எங்க சுபேதார் மாட்டேன்னு நின்னார். மலாயா முழுக்க எங்களைச் சாகாம கூட்டிட்டு வந்த மனுசன். அவர் பின்னாடி நாங்க நின்னோம்." பெரிய கொள்கை விளக்கமெல்லாம் இல்லை.

அவரோடு ஒரே பாரக்கில் இருந்த ஆத்தூர்க்காரர் ஒருவர் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார். அவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கடைசிவரை தீபாவளிக்கு வருவார், இருவரும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவார்கள், நேதாஜி பற்றி வாக்குவாதம்கூட நடக்கும், சண்டை வந்ததில்லை. உங்கள் பட்டியலில் ஐ.என்.ஏ. பக்கத்தில் நம் வட்டாரத்தார் எல்லாரையும் சேர்த்திருக்கிறீர்கள், அவர் பெயரும் இருக்கிறது. நியாயம், அவர் பெயர் இருக்கத்தான் வேண்டும். அந்தப் பக்கத்தைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை, அப்படி யாரும் திரித்துச் சொல்ல வேண்டாம்.

சேராதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது நம் ஊரில் அநேகம் பேருக்குத் தெரியாது, குழுவுக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். 1943-ல் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலில் அடைத்து ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் நியூகினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு வேலைக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியிலேயே செத்தவர்கள் உண்டு. கைதிகள் இருப்பது தெரியாமல் நேசநாட்டு நீர்மூழ்கிகளே அந்தக் கப்பல்களைத் தாக்கின. 1943 ஜனவரி 26 அன்று புயோ மாரு என்ற கப்பலை அமெரிக்காவின் வாஹூ நீர்மூழ்கி தாக்கியதில் இறந்தவர்களில் 195 பேர் இந்தியக் கைதிகள். நாம் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிற அதே தேதி. நியூகினியில் வீவாக் பக்கம் அனுப்பப்பட்ட சுமார் 3,000 இந்தியர்களில் போர் முடிந்து ஆஸ்திரேலியப் படை வந்தபோது மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 200 பேர். அவர்களில் ஒருவரான கேப்டன் சிந்த் சிங் நடந்ததையெல்லாம் விசாரணையில் சாட்சியாகச் சொன்னார், அதனால்தான் இவ்வளவாவது வெளியே தெரிகிறது.

அப்பா போனது நியூ பிரிட்டனில் இருக்கும் ராபால். சுற்றிலும் எரிமலை, தலைக்கு மேலே தினமும் நேசநாட்டு விமானங்களின் குண்டு. ஜப்பான் படை தன் சாமான்களையும் ஆஸ்பத்திரியையும்கூட மலைக்குள் கொண்டுபோக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுரங்கம் வெட்டியது, வெட்டிய கைகளில் கைதிகளின் கைகளும் உண்டு. மண் சரிந்தால் உள்ளே இருப்பவர் போனார், அடுத்த ஆளை அனுப்புவார்கள். அவருடைய இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. அங்கே மட்டும் தோல் மெல்லிசாக, பளபளவென்று, முடி முளைக்காமல் இருக்கும். மழைக்காட்டில் சின்னக் கீறல் விழுந்தாலும் புண்ணாகி எலும்புவரை தின்றுவிடுமாம். மருந்து கிடையாது. அவரோடு இருந்த ஒரு ஆர்டர்லி தேக்கரண்டியை நெருப்பில் காட்டி அழுகின சதையைச் சுரண்டி எடுத்திருக்கிறார், இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள. தினமும் குளித்துவிட்டு அந்தத் தழும்பில் மட்டும் தேங்காயெண்ணெய் தடவுவார், விட்டால் தோல் வெடித்துவிடும். எனக்கு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை.

கடைசி ஒன்றரை வருஷம் வெளியிலிருந்து கப்பலே வராமல், ஜப்பான் படையே கிழங்கு பயிரிட்டுத்தான் சாப்பிட்டது. கைதிகளுக்கு அதிலும் மிச்சம்தான். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும். இங்கே சேலத்தில் நடந்ததைப் பாருங்கள்: அதே போரால் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1943-ல்தான் நம் ஊரில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். கல்யாணமாகி ஆறு மாசத்தில் புருஷன் கப்பலேறி, அப்புறம் 'காணவில்லை' என்று ஒரு காகிதம் மட்டும் வந்த என் அம்மா, மாமனார் வீட்டில் மணியார்டரை வைத்து நடந்த சண்டை தாங்காமல், அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்குத்தான் கிழங்கு சீவப் போனார். அரிவாள்மனையில் உட்கார்ந்து நாளெல்லாம் தோல் சீவினால் விரல் நுனியெல்லாம் வெள்ளையாக ஊறிப்போகும். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது 1945 கடைசியில். அப்பா திரும்பி வந்து, அந்தக் கிழங்கை வாயில் வைக்க மாட்டேன் என்று சொன்ன மனுஷன், வேறு பிழைப்பில்லாமல் கிழங்குக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து வேலை பார்த்தார்.

வந்தவுடன் வீட்டுக்கு விடவில்லை. திரும்பியவர்களை உட்கார வைத்து, யார் ஐ.என்.ஏ., யார் இல்லை என்று விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தது ராணுவம். அப்பா வெள்ளை. ஆத்தூர் மாமா கறுப்பு, வேலை போயிற்று, கைதியாக இருந்த காலத்துச் சம்பளமும் போயிற்று. அன்றைக்கு ஒருத்தருக்கு அநியாயம். சுதந்திரம் வந்ததும் காற்று திரும்பியது. 1972-ல் ஐ.என்.ஏ.காரர்களுக்குத் தாமிரப் பட்டயமும் மத்திய அரசின் தியாகிகள் பென்ஷனும் வந்தன, வரவேண்டியதுதான். 15 வருஷம் சர்வீஸ் இல்லாததால் அப்பாவுக்குப் பட்டாளப் பென்ஷனும் இல்லை, தியாகி என்ற பேரும் இல்லை. 'வெள்ளைக்காரனுக்கு விசுவாசமா இருந்தவர்' என்று டீக்கடையில் காதுபடப் பேசியவர்களும் உண்டு.

அப்போது ஒருநாள் ஆத்தூர் மாமா வந்து, "நீயும் எங்ககூட இருந்தேன்னு எழுதிக் கொடு, கூட இருந்த கைதின்னு நான் சர்டிபிகேட் தர்றேன், பென்ஷன் வந்துரும், யாருக்குத் தெரியப் போகுது" என்றார். என் முன்னால்தான் சொன்னார். வீட்டில் அப்போது என் தம்பிக்குக் காலேஜ் பீஸ் கட்டப் பணமில்லை. அப்பா கொஞ்ச நேரம் பாக்கு வெட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "நான் இல்லாத இடத்துல இருந்தேன்னு சொன்னா, இருந்த இடத்துல செத்தவனுங்க பேரு என்னாகறது?" என்றார். மாமா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொய் சொல்லியிருந்தால் இன்று உங்கள் தூணில் என் அப்பாவுக்கு இடம் இருந்திருக்கும். பொய் சொல்லாததால் இல்லை. இதைத்தான் குழு முடிவெடுத்திருக்கிறது, நீங்கள் நினைத்துச் செய்தாலும் நினைக்காமல் செய்தாலும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் முடிந்து ராபாலில் ஆஸ்திரேலிய ராணுவ நீதிமன்றத்தில், இந்தியக் கைதிகளை அடித்தும் கொன்றும் இருந்ததற்காக ஜப்பானிய அதிகாரிகளை நிறுத்தினார்கள். அவர்கள் வைத்த வாதம், இந்த இந்தியர்கள் போர்க்கைதிகளே இல்லை, எங்கள் படையில் வேலை செய்ய வந்தவர்கள் என்பது. அடித்தவன் தப்பிக்கச் சொன்னதுகூட, இவர்கள் கைதிகள் இல்லை என்பதைத்தான். எண்பது வருஷம் கழித்து, அவர்கள் பிறந்த மண்ணில், கைதிகள்தான், ஆனால் கைதிகளானதாலேயே கணக்கில் இல்லை என்கிறீர்கள். இரண்டில் எது பரவாயில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னத்தைப் பார்த்தவர்கள் குழுவில் இருவர் இருக்கிறீர்கள், போட்டோ போட்டிருந்தீர்கள். அங்கே சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அதில் சண்டையில் செத்தவர்களும் இருக்கிறார்கள், கைதியாக இருந்து செத்தவர்களும் இருக்கிறார்கள். இவன் கையைத் தூக்கினவன் என்று யாரையும் தனியாக ஒதுக்கி வைக்கவில்லை.

அவ்வளவு தூரம் ஏன், 2019 பிப்ரவரியில் விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டார். அந்த இரண்டு மூன்று நாள் நம் ஊர் எப்படி இருந்தது? கோயிலில் அர்ச்சனை, அவர் வாகா எல்லையைத் தாண்டியபோது அஸ்தம்பட்டியில் வெடி, அடுத்த வாரம் பார்பர் ஷாப்பில் அந்த மீசைக்கு வரிசை. குழு உறுப்பினர் ஒருவரே அந்த மீசையை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் சுற்றினார், மறுக்க மாட்டார். அபிநந்தனுக்கு 2021-ல் வீர் சக்ரா கொடுத்தபோது, பிடிபட்டவருக்கு எதற்கு என்று யாராவது கேட்டோமா? எதிரி கையில் இருந்தும் சொல்லக் கூடாததைச் சொல்லாமல் நின்றார் என்று பெருமைதானே பட்டோம். மூன்றரை வருஷம் எதிரி கையில் இருந்தவர்களுக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

நாலாவது பக்கத்தைப் பற்றி. செயலாளர் போனில் 'கல்லில் இடமில்லை அம்மா' என்றும் சொன்னார். டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயம் எழுதுகிற ஊர் நம்முடையது, தெரியும். ஆனால் படைக்குப் போனவர்களுக்கு எழுப்புகிற தூணில் முழுசாக ஒரு பக்கம், அதுவும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்த பக்கம், ஜல்லி கொடுத்தவர், சிமென்ட் கொடுத்தவர், திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டவர் பெயர்களுக்கு என்றால், இடமில்லை என்ற காரணத்தை நீங்களே திரும்பச் சொல்லிப் பாருங்கள்.

படையில் சேராமலே பிடிபட்டவர்களையும் மறந்துவிட்டீர்கள். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. நம் சுற்றுவட்டாரத்தில் 'மலேயாவுக்குப் போனவர் திரும்பலை' என்ற கதை இல்லாத தெரு குறைவு. அவர்களில் எத்தனையோ பேரை ஜப்பான்காரர்கள் சயாம்-பர்மா ரயில் போட இழுத்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. வெள்ளைக்காரக் கைதிகள் சுமார் 12,000 பேர் செத்தார்கள், அவர்களுக்கு தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் போட்ட கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் செத்தது அதைப்போலப் பல மடங்கு, 90,000 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள், அதில் தமிழர்கள் ஏராளம், கல்லறை இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. 2023-ல் மலேசியத் தமிழர்கள் அங்கே ஒரு நடுகல் நட்டார்கள். அவர்கள் அவ்வளவு தூரம் போய் நட்டிருக்கும்போது, ஆட்கள் கிளம்பிப் போன ஊரில் இருக்கிற நமக்கு ஒரு வரி எழுத முடியாதா? என் அம்மாவின் அண்ணன் அப்படிப் போனவர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதிய கடைசிக் கடிதம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, தம்பிக்குச் சட்டைத்துணி அனுப்புவதாக எழுதியிருப்பார்.

இனி நான் கேட்பது.

பட்டியலின் அடியில் இருக்கும் அந்த வரியை எடுத்துவிட்டு, 'போர்க்கைதிகளாக இருந்தவர்கள்' என்று ஒரு தலைப்பைச் சேர்க்க வேண்டும், மற்றவர்களுக்குப் போடுகிற அதே அளவு எழுத்தில். இறந்தவர், திரும்பியவர் இரண்டு பேரும் அதில் வர வேண்டும். என் அப்பா ஒருவருக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை, நம் ஊரிலும் பக்கத்துக் கிராமங்களிலும் சிங்கப்பூரில் பிடிபட்டவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள், அவர்கள் பேரன் பேத்திகள் சிலருக்குத் தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஆகவே கல் கொத்துகிற வேலையை ஒரு மாதம் தள்ளி வைத்து, குடும்பங்கள் தங்களிடம் இருக்கும் காகிதங்களோடு வரும்படி ஊர் முழுக்க அறிவிப்புக் கொடுங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பசிபிக் ஸ்டார் பதக்கம், கைதியாக இருந்த காலத்தைக் குறித்த சம்பளக் கணக்குத் தாள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நகல் தருகிறேன், மூலத்தை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம், வெளியே கொடுக்க மாட்டேன்.

சயாம் ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் வட்டாரத் தொழிலாளர்களுக்கும் ஒரு வரி வேண்டும். பெயர் கிடைத்தால் பெயரோடு, கிடைக்காவிட்டால் பெயர் இல்லாமல்.

கூட்டத்தில் அந்தப் பேச்சைப் பேசிய உறுப்பினர் என்னிடம் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டாம், அதே கூட்டத்தில் அதைத் திரும்பப் பெற்று மினிட்ஸில் எழுத வேண்டும்.

இடம் போதவில்லை என்றால் நன்கொடையாளர் பெயர்களைப் பீடத்தின் பின்புறத்துக்கு மாற்றுங்கள். செலவுதான் சிக்கல் என்றால் அந்தப் பக்கத்துக் கல்லுக்கும் எழுத்துக்கும் ஆகிற பணத்தை நானே கட்டுகிறேன், உபயம் என்று என் பெயரைப் போட வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என் மருமகனோடு நானும் நேரில் வருகிறேன். முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில், குழுவின் கையெழுத்தோடு கொடுங்கள், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊரைச் சேர்ந்த,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்